குடோனில் கிடக்கும் சரக்கு யாருடையது?

ஐப்பசியில் மழை பிடித்ததும் மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்துக் குடோன்களில் சிமெண்ட் மூட்டைகள் ஓரத்தில் கட்டி தட்டத் தொடங்கும். சரக்கு கம்பெனியுடையது, விற்ற பிறகுதான் பணம் என்று கம்பெனியும் கடைக்காரரும் பேசியிருப்பார்கள். ஆனால் நனைந்த மூட்டை யார் கணக்கு என்று ஒரு வரியும் எழுதியிருக்க மாட்டார்கள். கம்பெனி சரக்கை இருப்பு வைப்பதிலும் ஆலையிலிருந்து நேரே சைட்டுக்கு லோடு அனுப்புவதிலும் வரும் வழக்குகளுக்கு வேர் இதுதான்: உரிமையும் பொறுப்பும் எந்த நொடியில் கை மாறுகின்றன என்பது காகிதத்தில் இல்லை.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வேறு பேச்சு இல்லாவிட்டால் உரிமை யாரிடமோ நட்டமும் அவருக்கே. ‘விற்றால் பணம், இல்லாவிட்டால் திருப்பி’ என்று வாங்கிய சரக்கைக் கெடு தாண்டியும் திருப்பாமல், மறுப்பும் சொல்லாமல் வைத்திருந்தால் அது உங்களுடையதாகிவிடும். ஜிஎஸ்டியில் அத்தகைய சரக்குக்குப் பில் போட அதிகபட்சம் 6 மாதம். சிமெண்ட் அத்தனை நாள் தாங்காது. பொதி கட்டி 3 மாதம் தாண்டியதைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது. உப்புக்காற்று ஈரத்தில் அதற்கு முன்பே கெடலாம். ஆகவே ஒப்பந்தக் கெடுவை மூட்டையில் அச்சிட்ட வாரத்திலிருந்து எண்ணுங்கள், லாரி வந்த தேதியிலிருந்து அல்ல. இறக்கும்போதே அந்த அச்சைப் படம் எடுத்து சலானோடு சேர்த்து வையுங்கள். தரையிலிருந்து 15–20 செ.மீ. உயரத்தில் பலகை, வெளிச்சுவரிலிருந்து 60 செ.மீ. இடைவெளி, 10 மூட்டைக்கு மேல் அடுக்காமை என்ற ஐ.எஸ். 4082 (கட்டடப் பொருள்களை அடுக்கி வைப்பதற்கான இந்தியத் தரநிலை) அளவுகளையும் ஒப்பந்தத்தில் சேர்த்தால், பராமரிப்புக் குறையா, பழைய சரக்கா என்று பிரித்துப் பார்க்க முடியும்.

கம்பியில் சிக்கல் வேறு. 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி 10.66 கிலோ. நூறு கம்பி 1,066 கிலோ. கம்பிக்கான இந்தியத் தரநிலை இந்த அளவில் 5 சதவீத ஏற்ற இறக்கத்தை அனுமதிப்பதால், எடைமேடையில் அதே நூறு 1,013 கிலோவும் காட்டலாம். எடைக்கு விற்றுவிட்டு, கம்பெனிக்கு மட்டும் எண்ணிக்கையை அட்டவணை எடையால் பெருக்கிக் கணக்குக் கொடுத்தால், வராத 53 கிலோ உங்கள் கையைக் கடிக்கும். வரவு, விற்பனை, மாதக் கணக்கு மூன்றும் ஒரே அளவையில் இருக்கட்டும். எடைச்சீட்டு இரண்டு வேண்டும்: லோடோடு ஒன்று, காலி வண்டிக்கு ஒன்று.

சரக்கின் பேரில் கடன் தந்த வங்கிக்கு மாதந்தோறும் கொடுக்கும் இருப்புப் பட்டியலில் கம்பெனி சரக்கைச் சேர்ப்பது பெரிய தவறு. உங்களுடையது அல்லாத சொத்தைக் காட்டிக் கடன் வாங்கியதாகிவிடும். பெயிண்டால் கோடு போட்டுத் தனி அடுக்கு, தனிப் பலகை, தனிப் பேரேடு வையுங்கள். காப்பீட்டுப் பாலிசியிலும் பிறர் சரக்கு உங்கள் பொறுப்பில் இருப்பதாக வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும்.

கம்பெனியின் முகவராக இருந்தும் வாடிக்கையாளருக்கு உங்கள் பெயரில் பில் போடுகிறீர்களா? அப்படியானால் கம்பெனி உங்களுக்கு அனுப்பும்போதே அது வரிக்குரிய வழங்கல், அதாவது ஜிஎஸ்டி கட்ட வேண்டிய பரிமாற்றம். விற்கும்வரை வரி இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கம்பெனி தன் பெயரிலேயே பில் போடுவதானால், உங்கள் குடோனைத் தன் ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வணிக இடமாகச் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆலையிலிருந்து நேரே சைட்டுக்குப் போகும் நேரடி லோடில் சரக்கு உங்கள் குடோனைத் தொடாவிட்டாலும், அது உங்களுக்கு வந்ததாகவே சட்டம் கொள்ளும்; கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரி வரவுக்கு அது தடையில்லை. சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்-வழிச்சீட்டான ஈவே பில் ஒன்று போதும், ஆலையும் எடுக்கலாம், நீங்களும் எடுக்கலாம். ஆலை எடுத்தால் லாரியோடு போவது ஆலையின் பில்; உங்கள் கொள்முதல் விலை சைட்டில் தெரிந்துவிடும். நீங்கள் எடுத்தால் உங்கள் பில் போகும். அப்போது ஈவே பில்லில் ‘அனுப்பும் இடம்’ என்பதில் ஆலை முகவரியைக் கொடுக்க வேண்டும்.

கீழக்கரையின் குறுகிய தெருக்களுக்குள் பெரிய லாரி நுழையாது. சாலையோரத்தில் சிறு வண்டிக்கு மாற்றினால் ஈவே பில்லில் வண்டி விவரம் எழுதும் பகுதியான பார்ட்-பியில் புது வண்டி எண்ணைச் சேர்க்க வேண்டும். மாற்றுக்கூலி யாருக்கு என்பதை ஆர்டரிலேயே எழுதுங்கள். கிழிந்த மூட்டையும் உடைந்த டைல்ஸ் பெட்டியும் பெரும்பாலும் இந்த மாற்றத்தில்தான் உண்டாகின்றன. எனவே எண்ணிக்கை இரண்டு முறை நடக்கட்டும்: லாரியிலிருந்து இறங்கும்போது ஒன்று, சைட் வாசலில் இன்னொன்று. சைட்டில் யார் கையெழுத்துப் போடுவார் என்று பெயரும் கைப்பேசி எண்ணும் முன்கூட்டியே வாங்கி டிரைவரிடம் கொடுங்கள். அங்கே நிற்கும் சித்தாளிடம் கையெழுத்து வாங்கிய சலானை, ஒரு மாதம் கழித்து வீட்டுக்காரர் ஏற்க மாட்டார். குறையும் சேதமும் அதே சலானில், டிரைவர் கையெழுத்தோடு பதிவாக வேண்டும். அன்று மாலைக்குள் அதன் படம் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும்.