கவரைக் கொண்டு வந்தீங்களா? சைவ இறைச்சியும் ஒவ்வாமையும்

எங்கள் ஒவ்வாமைப் பிரிவுக்கு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். பரிசோதனை முடிவுகளை டாக்டர் பார்த்துக்கொள்வார். உணவியல் ஆலோசகரான எனக்கு வேண்டியது, சாப்பிட்ட பொருளின் உறை. குப்பையில் போட்டுவிட்டோம் என்று சொன்னால், அதே கடையில் இன்னொரு பாக்கெட் வாங்கிப் பிரிக்காமல் எடுத்துவரச் சொல்வேன்.

மதுரைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி அப்பாவுடன் வந்தார். வயது 22. காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும் என்பதால் தினமும் சாயங்காலம் பள்ளி மைதானத்தில் பயிற்சி. ஒருநாள் மூன்றாவது சுற்றில் விழுந்துவிட்டார். "உள்ளங்கை அரிச்சுது மேடம். அப்புறம் காது அடைச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒண்ணும் தெரியல" என்றார். நண்பர்கள் வண்டியில் வைத்துத் தூக்கிப் போயிருக்கிறார்கள். வெயில், உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்று டிரிப்ஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் அதேபோல் மறுபடியும். இந்த முறை உதடு வீங்கி, மூச்சு இழுத்திருக்கிறது. இது வெறும் மயக்கம் இல்லை என்று சந்தேகப்பட்ட ஒரு டாக்டர் எங்களிடம் அனுப்பிவைத்தார்.

இரண்டு நாளும் ஓடுவதற்கு முன்னால் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். அப்பா சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு. மேசையில் வைத்து நீவினேன். கோழி வறுவல் மாதிரியே படம் போட்ட சைவ கபாப். முன்பக்க மூலையில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி. "பாருங்கம்மா, சைவம்தான். எங்க குடும்பத்துல முட்டைகூடத் தொடமாட்டோம். புரோட்டீன் வேணும்னு பயிற்சி கொடுக்கிறவர் சொன்னாரு, அதான் இதை வாங்கிக் கொடுத்தேன்" என்றார் அப்பா. குரலில் குற்ற உணர்ச்சி.

பின்பக்க எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படித்தோம். பொருள் பட்டியலில் முதலில் இருந்தது கோதுமைப் புரதம். கடைசியில் தனி வரியில், கோதுமையும் சோயாவும் அடங்கியது என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"கோதுமையா? வாரத்துல மூணு நாள் பரோட்டா திங்கிறவன்மா இவன்!"

அந்த அப்பாவின் கேள்வி நியாயமானது. பதிலைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மைதாவைப் பிசைந்து தண்ணீரில் வைத்துக் கழுவிக்கொண்டே இருந்தால் மாவுச்சத்தெல்லாம் பால் போலக் கரைந்து போய்விடும். கையில் ரப்பர் மாதிரி ஒரு பிண்டம் மிஞ்சும். அதுதான் குளுட்டன். பிய்த்தால் நார் நாராக வரும், மென்றால் கறி மாதிரி இருக்கும். சீன பௌத்த மடங்களின் சமையலில் பல நூற்றாண்டுகளாக இதைத்தான் இறைச்சிக்குப் பதிலாக வைத்திருக்கிறார்கள். 100 கிராம் மைதாவில் ஏறக்குறைய 10 கிராம் புரதம் இருக்கும். கடைகளுக்கு வரும் உலர்ந்த குளுட்டன் தூளில் 75 கிராமுக்கு மேல். அதனால் ஒரு தட்டு சைவ கபாபில் இருக்கும் கோதுமைப் புரதம், பரோட்டாவில் இருப்பதைவிடப் பல மடங்கு ஆகிவிடலாம். சிலருடைய உடம்பு சிறிய அளவைப் பொறுத்துக்கொண்டு, பெரிய அளவில்தான் சீறும்.

இவருக்கு இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. கோதுமை சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தால் ஒன்றும் ஆகாது. சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் ஓடினாலோ கடுமையாக வேலை செய்தாலோ உடம்பு முழுக்க ஒவ்வாமை கிளம்பும். இப்படி ஒரு வகை உண்டு. கோதுமையில் உள்ள ஒமேகா-5 கிளையடின் என்ற புரதம்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம். வலி மாத்திரையும் சேர்ந்தால் எதிர்வினை இன்னும் எளிதாகக் கிளம்பும். கால் வலிக்காக இரண்டு நாளும் மாத்திரை போட்டுக்கொண்டுதான் ஓடினேன் என்று, நாங்கள் கேட்ட பிறகு சொன்னார். ரத்தப் பரிசோதனையில் அந்தப் புரதத்துக்கு எதிரான ஐஜிஇ, அதாவது ஒவ்வாமையைக் கிளப்பும் எதிர்ப்புப் பொருள், உயர்ந்திருந்தது.

பேசிக்கொண்டே போகும்போது பழைய கதை ஒன்றும் வந்தது. பள்ளியில் கபடி ஆடிவிட்டு வந்த நாட்களில் அவருக்கு அடிக்கடி உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்திருக்கிறது. ஏதோ பூச்சி, காணாக்கடி என்று அப்பத்தா வெற்றிலையும் மிளகும் மெல்லக் கொடுத்திருக்கிறார். ஓரிரு மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காணாக்கடி என்று சொல்லப்படுகிற தடிப்பு திரும்பத் திரும்ப வந்தால், அதற்கு முந்தைய நான்கு மணி நேரத்தில் என்ன சாப்பிட்டோம், என்ன செய்தோம், என்ன மாத்திரை போட்டோம் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கடித்தது தட்டில் இருந்ததாகவும் இருக்கலாம்.

இனி அந்தப் பச்சைப் புள்ளிக்கு வருகிறேன். நம் மக்கள் மனதில் சைவம் என்றால் உடம்புக்கு ஒன்றும் செய்யாதது என்று ஒரு நம்பிக்கை ஊறியிருக்கிறது. பச்சைப் புள்ளி சொல்வது ஒன்றே ஒன்று: இதில் இறைச்சி, மீன், முட்டை இல்லை. முட்டை இருந்தால்கூடப் பழுப்பு முக்கோணம் போட வேண்டும். ஆனால் பால் சைவக் கணக்கில் வருகிறது. அதனால் பச்சைப் புள்ளி போட்ட சைவ சாசேஜில் பால் புரதம் இருந்தால் அது சட்டப்படி சரி. பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அது ஆபத்து. உறையில் 'கேசினேட்' (caseinate), 'வே' (whey) என்ற சொற்களைக் கண்டால் அது பால்தான். விலங்குப் பொருள் எதுவுமே இல்லாத உணவுக்கு 2022இல் தனியாக வீகன் விதிமுறையும் முத்திரையும் வந்தன. ஆனால் அதுவும் கொள்கைக்கான முத்திரை, ஒவ்வாமைக்கான உத்தரவாதம் இல்லை. பால் தொட்ட இயந்திரத்திலேயே வீகன் பொருளும் தயாராகலாம். இங்கிலாந்தில் 2017இல் பால் ஒவ்வாமை இருந்த ஒரு தாய், பால் கலக்காத தயிர் மாற்று ஊற்றியதாக விற்கப்பட்ட வீகன் உணவைச் சாப்பிட்டு இறந்துபோனார். அதில் சேர்த்திருந்த ஸ்டார்ச்சில் பால் புரதம் கலந்திருந்தது 2022இல் நடந்த விசாரணையில் உறுதியானது. விற்றவருக்கும் தெரியவில்லை, வாங்கியவருக்கும் தெரியவில்லை.

இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிமுறைகள்படி, குளுட்டன் உள்ள தானியங்கள், ஓடுடைய இறால் நண்டு வகைகள், பால், முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சல்பைட் என்ற பதப்படுத்தும் பொருள் ஆகியவை இருந்தால் 'அடங்கியது' என்று தனியாகச் சொல்லியாக வேண்டும். நல்ல விதி. அந்த ஒரு வரியைப் பார்க்கப் பழகினாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். பொருள் பட்டியலும் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு இறங்குவரிசையில் இருக்கும். முதலில் எது நிற்கிறது என்பதே நிறையச் சொல்லிவிடும்.

ஆனால் அந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பதுதான் விதி. தமிழில் போடத் தடை இல்லை, கட்டாயமும் இல்லை. பிள்ளைக்குச் சமைத்துப்போடும் எத்தனை அம்மாக்கள் அந்த வரியைப் படிக்க முடியாமல் பச்சைப் புள்ளியை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள் என்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். மசாலா பாக்கெட்டில் பெயரைத் தமிழில் கொட்டை எழுத்தில் அச்சிடுகிற நிறுவனங்கள், உயிர் காக்கும் இந்த ஒரு வரியையும் தமிழில் போடலாம். அதற்கு ஆகும் மை கொஞ்சம்தான்.

பட்டியலில் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. எள், கடுகு, கொண்டைக்கடலை, பட்டாணி எதுவும் அந்தத் தனி வரியில் வரவேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் எள் 2023 ஜனவரி முதல் கட்டாயப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 பொருட்களில் எள்ளும் கடுகும் உண்டு. இங்கே கடுகு, 'மசாலாப் பொருட்கள்' என்ற பொதுப் பெயருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ள முடியும். பட்டாணிப் புரதம் இப்போது சைவ பர்கர், சைவ கீமா எல்லாவற்றிலும் வருகிறது. பட்டாணியும் நிலக்கடலையும் ஒரே பயறுக் குடும்பம். கடலை ஒவ்வாமை உள்ள எல்லோருக்கும் பட்டாணி ஒத்துக்கொள்ளாது என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலானவர்கள் சாப்பிடுகிறார்கள். ஆனால் கூட்டுக்கு நாலு பட்டாணி போடுவது வேறு, பிரித்தெடுத்த புரதத்தை ஒரு முழு கட்லெட்டாகச் சாப்பிடுவது வேறு. அமெரிக்காவின் சைவ இறைச்சி நிறுவனமான பியாண்ட் மீட்டே, நிலக்கடலை போன்ற பயறு வகைகளில் தீவிர ஒவ்வாமை உள்ளவர்கள் பட்டாணிப் புரதத்தை எச்சரிக்கையோடு தொடங்க வேண்டும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறது. அப்படி வெளிப்படையாகச் சொல்வதை நான் மதிக்கிறேன்.

சோயாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீல் மேக்கர் என்றால் எண்ணெய் எடுத்த சோயா மாவு, பாதிக்கு மேல் புரதம். கொதிக்க வைத்துப் பிழிந்தால் ஒவ்வாமை போய்விடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். போகாது. சோயாவின் சேமிப்புப் புரதங்கள் சூட்டைத் தாங்கும். மளிகைக் கடையில் மூட்டையிலிருந்து அள்ளித் தரும் மீல் மேக்கருக்கு உறையே கிடையாது என்பதையும் மறக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பெட்டியில் வருவது தனிக் கதை. மலேசியா, சிங்கப்பூர் உறவினர்கள் அன்போடு கொண்டுவரும் சைவ மட்டன், சைவ மீன் பாக்கெட்டுகளில் நம் ஊர்ப் பச்சைப் புள்ளி இருக்காது. சீன முறைச் சைவ இறைச்சிகள் சிலவற்றில் ஒட்டும் பிசினாக முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பார்கள். சீன மொழியில் முட்டை வெள்ளைக்கருவையும் புரதத்தையும் ஒரே சொல்லால் குறிப்பதுண்டு, அதனால் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தாலும் குழப்பம் தீராமல் போகலாம். முட்டை ஒவ்வாமை உள்ள ஒரு ஆறு வயதுக் குழந்தைக்கு இப்படி ஒரு பாக்கெட்டால் இரவெல்லாம் வாந்தி, முகமெல்லாம் வீக்கம். பினாங்கிலிருந்து அதை வாங்கி வந்த பெரியம்மா எங்கள் அறையில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இங்கிலாந்தில் 1985 முதல் விற்கும் குவார்ன் இன்னொரு வகை. அது பயறும் இல்லை, தானியமும் இல்லை. பூஞ்சையிலிருந்து எடுக்கும் மைக்கோபுரோட்டீன். அதன் பல வகைகளில் முட்டை வெள்ளைக்கரு உண்டு. பூஞ்சைக்கே ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

உறையே இல்லாத இடம் கல்யாணப் பந்தி. பத்தோ அதற்கு மேலோ கிளைகள் வைத்திருக்கும் உணவகங்கள் ஒவ்வாமைத் தகவலைத் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. பந்தியில் யார் தருவார்கள்? சென்ற ஐப்பசியில் ஒரு கல்யாணத்தில் இலையில் சைவ சுக்கா வைத்தார்கள். முந்திரி ஒவ்வாமை உள்ள உறவுக்காரப் பையன் பக்கத்தில் இருந்ததால் எழுந்து சமையல்கட்டுக்கே போய்க் கேட்டேன்.

"இதுல என்ன போட்டிருக்கீங்க மாஸ்டர்?"

"சுத்த சைவம்தான்மா, பயப்படாம சாப்பிடுங்க."

"முந்திரி அரைச்சு ஊத்தினீங்களா?"

"ஆமா, அது இல்லாம கெட்டியா வராதே."

மாஸ்டர் பொய் சொல்லவில்லை. நான் முதலில் கேட்ட விதம்தான் தவறு. என்ன போட்டிருக்கிறீர்கள் என்று பொதுவாகக் கேட்டால் சைவம் என்ற பதில்தான் வரும். கோதுமை உண்டா, சோயா உண்டா, முந்திரி உண்டா, கடலை உண்டா என்று பொருளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாக் கவனத்தையும் மீறி எதிர்வினை வந்துவிட்டால்? தடிப்போடு மூச்சுத் திணறலோ, குரல் கம்முவதோ, தலைசுற்றலோ, தொடர் வாந்தியோ சேர்ந்தால் அது அனாபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. செட்ரிசின் மாத்திரை அரிப்பைக் குறைக்கும், உயிரைக் காப்பாற்றாது. தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போடும் அட்ரினலின் ஊசிதான் மருந்து. 108ஐ அழையுங்கள், படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். சரியாகிவிட்டது போலத் தெரிந்தாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருங்கள். இரண்டாவது அலை வரக்கூடும். ஏற்கெனவே ஒருமுறை இப்படி வந்தவர்கள், ஊசியைக் கைவசம் வைத்துக்கொள்வது பற்றி உங்கள் டாக்டரிடம் கட்டாயம் பேசுங்கள்.

அந்தத் தம்பிக்கு டாக்டர் சொன்னது: ஓடுவதற்கு முந்தைய ஆறு மணி நேரத்தில் கோதுமை எதுவும் கூடாது, தானாக வலி மாத்திரை போடக் கூடாது, தனியாக ஓடக் கூடாது. குளுட்டன் கபாபை ஓடாத நாளிலும் தொட வேண்டாம் என்று நான் சேர்த்துச் சொன்னேன். புரதத்துக்கு முளைகட்டிய பயறு, தயிர், பன்னீர், சுண்டல் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன்.

சைவ இறைச்சி நிறுவனங்கள் செய்முறையை அடிக்கடி மாற்றுகின்றன. இம்பாசிபிள் பர்கர் 2019இல் கோதுமைப் புரதத்தை எடுத்துவிட்டு சோயாவுக்கு மாறியது. பெயர் அப்படியே இருந்தது. அதனால் பழகிய பாக்கெட்டாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் படியுங்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். இரண்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அதே கபாப், புது உறை. மூன்றாவது இடத்தில் இருந்த கோதுமைப் புரதத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, "மேடம், முன்னாடி ஃபர்ஸ்ட்ல இருந்துச்சு, இப்ப தேர்டுக்குப் போயிருச்சு. சாப்பிடலாமா?" என்று கேட்டிருந்தார்.

"வேண்டாம் தம்பி" என்று பதில் போட்டேன்.