ஹார்ப்பைத் தொழிலாக எடுக்குமுன்

விரல்களால் மீட்டும் பெரிய மேற்கத்திய நரம்பு வாத்தியமான ஹார்ப்பை வாசிக்கும் கலைஞரின் வேலைநாளில் ரசிகர்கள் முன் வாசிக்கும் நேரம் சிறுபகுதிதான். சுருதி சேர்ப்பது, நரம்பு மாற்றுவது, வாத்தியத்தைக் கொண்டுபோய்க் கொண்டுவருவது, பாடம் நடத்துவது என்று மீதி நேரம் போய்விடும். மேற்கத்திய இசைக் கல்லூரிகளில் படித்து முடித்தவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வாசிப்பில் அல்ல, இந்த மீதியில்தான். அதைப் படிக்கும் காலத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இசைக்குழுக்களில் பார்க்கும் பெரிய பெடல் ஹார்ப்புக்கு 47 நரம்புகள், 7 பெடல்கள். எடை 36 முதல் 40 கிலோ. ஒவ்வொரு பெடலும் ஒரு மேற்கத்திய சுரத்துக்கு உரியது. டி, சி, பி பெடல்கள் இடது காலுக்கு. ஈ, எஃப், ஜி, ஏ வலது காலுக்கு. ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று படிகள் உண்டு: மேலே ஃபிளாட் (அரைச்சுரம் தாழ்வு), நடுவில் நேச்சுரல் (இயல்பான சுரம்), கீழே ஷார்ப் (அரைச்சுரம் உயர்வு). சி பெடலை ஒரு படி இறக்கினால் எல்லா ஸ்தாயிகளிலும் உள்ள சி நரம்புகள் ஒருசேர அரைச்சுரம் ஏறும். பிரெஞ்சு வாத்தியத் தயாரிப்பாளர் செபாஸ்டியன் எரார் 1810-இல் லண்டனில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றும் அடிப்படை மாறவில்லை.

தொடக்கத்திலேயே இதை வாங்க வேண்டியதில்லை. நல்ல பெடல் ஹார்ப் புதிதாக வாங்கினால் ஒரு காரின் விலை ஆகும். 34 நரம்பு லீவர் ஹார்ப்பை (பெடலுக்குப் பதிலாக, ஒவ்வொரு நரம்பின் சுரத்தையும் கையால் தள்ளும் லீவரால் மாற்றும் சிறிய வகை) வாடகைக்கு எடுத்துச் சில ஆண்டுகள் தாராளமாகப் படிக்கலாம். அதை ஈ ஃபிளாட் மேஜர் என்ற ஸ்கேலில் சுருதி சேர்த்து வைத்தால், லீவர்களைக் கொண்டே எட்டு மேஜர் ஸ்கேல்கள் கிடைக்கும். பிள்ளை தினமும் உட்கார்ந்து வாசிக்கிறதா என்று பார்க்காமல் கடன் வாங்கிப் பெரிய வாத்தியத்தில் இறங்குவதை நாங்கள் ஆதரிப்பதில்லை.

உச்ச ஸ்தாயியில் நைலான், நடுவில் விலங்குக் குடலில் திரித்த நரம்பு, அடியில் 12 உலோகக் கம்பிகள். குடல் நரம்புக்கு ஈரப்பதம் மாறினால் ஆகாது. சுருதி நழுவும், சிலவேளை அறுந்தே போகும். மாற்றிய புது நரம்போ நாள்கணக்கில் இளகிக்கொண்டே இருக்கும். அதனால் நார் பிரிந்த நரம்பைக் கச்சேரிக்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். பையில் ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு மாற்று, சுருதிச் சாவி, வெட்டும் குறடு, முடிச்சுக்கு அடியில் கொடுக்கத் தடித்த பழைய நரம்பின் துண்டுகள் இருக்க வேண்டும்.

சுருதி சேர்க்குமுன் ஏழு பெடல்களும் மேலே இருக்கின்றனவா என்று காலால் தடவிப் பாருங்கள். ஒன்று மட்டும் நடுவில் கிடந்தால், அந்தச் சுரத்தின் நரம்புகள் அத்தனையையும் தெரியாமல் அரைச்சுரம் தளர்த்திவிடுவீர்கள். திரும்ப ஏற்றினாலும் அன்று மாலை அவை நிலைக்காது. ஃபிளாட்டில் சரியாகவும் நேச்சுரலிலோ ஷார்ப்பிலோ பிசகியும் ஒலித்தால் குற்றம் நரம்பில் இல்லை. பெடலை இறக்கும்போது திரும்பும், ஹார்ப்பின் கழுத்திலுள்ள வட்டுகள் நரம்பைப் பிடிக்கும் இடம் நகர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யும் ரெகுலேஷன் வேலையைத் தொழில்நுட்பரிடம் ஆண்டுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். அந்தச் செலவை வருமானம் குறைந்த ஆண்டில் பலர் தள்ளிப்போடுகிறார்கள். அந்த ஆண்டில்தான் பெடல்களின் ஃபெல்ட் என்ற மெத்துத்துணியும் தேய்ந்து, மெதுவான இசையில் டக் டக்கென்று சத்தம் கேட்கத் தொடங்கும்.

வாத்தியத்துக்கு மாற்று நரம்பு உண்டு, கைக்கு இல்லை. ஹார்ப்பில் சுண்டுவிரலைப் பயன்படுத்துவதில்லை, மற்ற நான்கும்தான் உழைக்கின்றன. கட்டைவிரல் உயர்ந்து, மற்ற விரல்கள் தாழ்ந்து நிற்க வேண்டும். மீட்டியதும் விரல் உள்ளங்கைக்குள் மடங்கித் தளர வேண்டும். அந்தத் தளர்ச்சியில்தான் தசை ஓய்வெடுக்கிறது. விரலைப் பாதி வழியில் விறைப்பாக நிறுத்தும் பழக்கம் வந்துவிட்டால் முன்கையில் எரிச்சல், காலையில் விறைப்பு, விரல்நுனியில் மதமதப்பு என்று வரிசையாக வரும். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்குப் பயிற்சியை நிறுத்துங்கள். தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். தேர்வு நெருங்குகிறது என்று வலியோடு வாசித்து, அதற்குப்பின் மாதக்கணக்கில் வாசிக்க முடியாமல் போவது இந்தத் தொழிலில் அபூர்வமல்ல.

வலிக்கு இன்னொரு காரணம் நாற்காலியின் உயரம். ஹார்ப்பைச் சாய்த்தால் ஒரு புள்ளியில் அது தானாகவே சமநிலையில் நிற்கும். வலது தோள் அதைத் தொட்டால் போதும். தோள் சுமக்கிறது என்றால் அந்த உயரம் தவறு. புதியவர்கள் முதல் வாரங்களில் ஒரே அமர்வில் 10, 15 நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். ஈரக்கையோடு வாசித்தால் கொப்புளம் சீக்கிரம் வரும். வந்த கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள்.

திருமணம், விருந்து, தேவாலயம் போன்ற வாய்ப்புகளுக்கு ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: எந்தத் தளம், லிஃப்டின் உள்ளளவு என்ன, படிகள் எத்தனை, கையில்லாத நாற்காலி உண்டா. திறந்தவெளி என்றால் கூரையும் சமதளமும் கட்டாயம். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் ஹார்ப்பை விடவே கூடாது. பசை இளகும், ஒலிப்பலகை தூக்கும். அந்தப் பலகை ஏற்கெனவே ஒரு டன்னை நெருங்கும் இழுவிசையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

நிரந்தர இசைக்குழு வேலையை மட்டும் நம்ப முடியாது. பல குழுக்களில் ஹார்ப்புக்கு ஒரே ஓர் இடம்தான். அது காலியாவது எப்போதாவது. வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவில் பல ஆண்டுகள் ஹார்ப் வாசித்த அன்னா லெல்கெஸை 1997-இல்தான் முழு உறுப்பினராக ஏற்றார்கள். அந்தக் குழுவின் முதல் பெண் உறுப்பினர் அவர். இசைக்குழுவுக்கு ஆளெடுக்கும் தேர்வுகளில் ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலேயில் வரும் மலர்களின் வால்ட்ஸில் ஹார்ப் தனித்து வாசிக்கும் பகுதி அடிக்கடி கேட்கப்படும். வேலை கிடைத்தபின்னும் மற்றவர்கள் மேடைக்கு வருமுன்பே வந்து சுருதியை முடித்துவிட வேண்டும். கூட்டம் சேர்ந்துவிட்டால் மெல்லிய நரம்பின் ஒலி காதில் விழாது.

ஆகவே பெரும்பாலானவர்களுக்குப் பாடம் சொல்லித் தருவதுதான் நிலையான வருமானம். கட்டணத்தைப் பருவத்துக்கு முன்பணமாக வாங்குங்கள். கடைசி நேரத்தில் ரத்தாகும் வகுப்புக்கு என்ன விதி என்பதை எழுதிக் கொடுங்கள். வீட்டில் ஹார்ப் இல்லாத மாணவரைச் சேர்த்துக்கொள்வது இருவருக்கும் நஷ்டம். முதல் மாதத்திலேயே சுருதி சேர்க்கவும், முதல் பருவத்துக்குள் ஒரு நரம்பைத் தானே கட்டவும் மாணவர் பழக வேண்டும். ஆசிரியர் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மறு கை நரம்புகளுக்குப் பின்னால் மறைந்துவிடும். இடம் மாறி மாறி உட்காருங்கள். இணையவழி வகுப்பில் கேமராவைப் பாதியில் மறுபக்கம் வைக்கச் சொல்லலாம். ஆனால் தோளின் இறுக்கம் திரையில் தெரியாது. எங்கே வலிக்கிறது என்று ஒவ்வொரு வகுப்பிலும் வாய்விட்டுக் கேளுங்கள்.