ஆடிட்டுக்கு எந்தத் தமிழ்ச் சொல்?

டேட்டாபேஸ் வேலையில் ‘பெர்மிஷன் ஆடிட்’ என்று நாள்தோறும் சொல்கிறோம். எந்த ஸ்டோர்டு புரொசீஜரை (டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்துவைத்து, பெயர் சொல்லி இயக்கும் நிரலை) யார் யார் இயக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிற வேலை. அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் எந்தச் சொல்லைப் போடுவது என்ற யோசனை வருகிறது.

‘ஆடிட்’ இலத்தீனிலிருந்து வந்தது, வேர்ப்பொருள் ‘கேட்பது’. ஆடியோ, ஆடிட்டோரியம் எல்லாம் அதன் உறவு. ஐரோப்பாவில் முன்பு கணக்கை ஒருவர் உரக்க வாசிக்க, அதிகாரிகள் காதால் கேட்டே சரிபார்த்தார்கள்.

இலங்கையில் இதற்குக் ‘கணக்காய்வு’ என்பார்கள். வரவு செலவுக்குக் கச்சிதமான சொல். ஆனால் அனுமதிகளைப் பார்ப்பதில் கணக்கு எங்கே வருகிறது? தமிழ்நாட்டில் ‘தணிக்கை’. ‘தணி’ என்ற வினையில் பிறந்ததுபோல் தோன்றும். உண்மையில் அது அரபு ‘தன்கீஹ்’; தெலுங்கில் தனிகீ, கன்னடத்தில் தனிகெ. அரபியில் அதற்கு வேண்டாததை நறுக்கிச் செப்பனிடுவது என்று பொருள். சினிமா சென்சாருக்கும் இதே சொல் வழங்குகிறதே என்று சிலர் தயங்குவார்கள். எனக்கு அந்த ‘நறுக்குதல்’தான் பிடித்திருக்கிறது.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். புதிதாக ஒரு புரொசீஜர் எழுதினால், அதை இயக்கும் அனுமதி தானாகவே ‘பப்ளிக்’குக்கு, அதாவது எல்லாப் பயனர்களுக்கும், போய்விடும். அனுமதிப் பட்டியலைத் திறந்தால் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். ‘சரி, யாருக்கும் அனுமதி இல்லை’ என்று நினைத்துக் கடந்துவிடுவோம். அந்த வெறுமைக்குப் பொருளே வேறு: அது இருக்கும் ஸ்கீமாவுக்குள் (டேட்டாபேஸின் ஒரு பிரிவுக்குள்) நுழைய வழியுள்ள எல்லோரும் அதை இயக்கலாம். சம்பளத்தை மாற்றும் ஒரு புரொசீஜரை அதன் உரிமையாளரின் உரிமையோடு ஓடும்படி அமைத்திருந்தால், சம்பள டேபிளைத் தொடவே முடியாத ஒருவர் அதன் வழியாகச் சம்பளத்தை மாற்றிவிடலாம். பார்த்ததோடு நிறுத்தினால் அது பாதி வேலை. பப்ளிக்கிடமிருந்து அனுமதியை ‘ரிவோக்’ செய்து (திரும்பப் பெற்று), தேவையானவருக்கு மட்டும் கொடுக்க வேண்டும்.

எஸ்கியூஎல் சர்வர் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளில் சிக்கல் வேறு மாதிரி. அனுமதியை ஸ்கீமாவுக்கோ மொத்த டேட்டாபேஸுக்கோ கொடுத்திருந்தால், புரொசீஜர் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் அது கண்ணில் படாது.

அதனால் ‘அனுமதித் தணிக்கை’ என்றே எழுதுகிறேன். ஸ்டோர்டு புரொசீஜருக்குச் ‘சேமித்த செயல்முறை’ போதும். அறிக்கையில் இப்படி வரும்: “சேமித்த செயல்முறைகளின் அனுமதித் தணிக்கை முடிந்தது, எல்லோருக்கும் திறந்திருந்த 3 செயல்முறைகளின் பொது அனுமதி நீக்கப்பட்டது.”