அட்டெண்டர் அக்கா சொல்றதைக் காதுல வாங்குங்க

"சிஸ்டர், ரெண்டாவது ரூம் பாட்டி இன்னைக்கு ஒரு மாதிரி இருக்காங்க." காலைல சாப்பாடு ஊட்டிட்டு வந்த அட்டெண்டர் அக்கா என்கிட்ட சொன்னது இவ்ளோதான். என்ன மாதிரின்னு கேட்டேன், அவங்களுக்கு விவரமா சொல்ல வரல, ஊட்டும்போது பாட்டி பாதியிலயே வாயை மூடிக்கிட்டாங்க, தினமும் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்க இன்னைக்குக் கூப்பிடலன்னாங்க. நான் போய்ப் பாத்தேன், டெம்பரேச்சர் 37.4 டிகிரி செல்சியஸ், பிபி நார்மல், இருமல் இல்ல, சரி சாயங்காலம் பாத்துக்கலாம்னு சார்ட்ல எழுதிட்டுக் கிளம்பிட்டேன். மூணாவது நாள் அதே மாடியில அஞ்சு பேருக்குக் காய்ச்சல், ரெண்டு அட்டெண்டர் படுத்துட்டாங்க, பாட்டி ஆஸ்பத்திரியில ஆக்சிஜன்ல. இன்ஃப்ளுயன்சா, அதாவது ஃப்ளூ காய்ச்சல். பாட்டி திரும்பி வரவே இல்ல.

இது நடந்து பல வருஷம் ஆச்சு. அப்புறம் பாட்டியோட பழைய சார்ட்டை எடுத்துப் பாத்தேன், அவங்களுக்கு எப்பவுமே 36.2 தான் இருந்திருக்கு. வயசானவங்க உடம்புல காய்ச்சல் நம்ம எதிர்பாக்கற மாதிரி ஏறாது. வாயில வச்சுப் பாக்கும்போது ஒரு தடவை 37.8 வந்தாலோ, திரும்பத் திரும்ப 37.2-க்கு மேல நின்னாலோ, இல்ல அவங்க வழக்கமா இருக்கறதைவிட 1.1 டிகிரி கூடினாலோ அதைக் காய்ச்சல்னு எடுத்துக்கணும்னு முதியோர் இல்லங்களுக்குன்னே ஒரு அளவு இருக்கு. அந்த அளவுப்படி அன்னைக்கு அந்தப் பாட்டிக்குக் காய்ச்சல்தான். நான் தெர்மாமீட்டரைப் பாத்தேன், அவங்களோட வழக்கம் என்னன்னு பாக்கல. அது அந்த அக்காவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

நான் சொல்றது வயசானவங்க தங்கி இருக்கற பராமரிப்பு இல்லங்களைப் பத்தி, சின்ன ஆஸ்பத்திரிக்கு நர்சிங் ஹோம்னு பேர் வைப்பாங்களே அது இல்ல. ஒரு பெரிய நோய் பரவும்போது இந்த மாதிரி இடங்கள்ல என்ன தயாரிப்பு இருக்குன்னு போய்க் கேட்டா மேனேஜர் ஒரு தடி ஃபைலை எடுத்துக் காட்டுவாங்க. நல்லாத்தான் எழுதியிருப்பாங்க. ஆனா நான் ராத்திரி பதினோரு மணிக்கு ட்யூட்டில இருக்கறவங்ககிட்ட போய், இப்ப ரெண்டு பேருக்கு வாந்தி ஆரம்பிச்சா நீங்க முதல்ல யாருக்கு போன் பண்ணுவீங்க, மாஸ்க் எங்க இருக்குன்னு கேட்பேன். நிறைய இடத்துல மாஸ்க் ஸ்டோர் ரூம்ல இருக்கும், சாவி மேனேஜர்கிட்ட இருக்கும், மேனேஜர் வீட்ல தூங்கிட்டு இருப்பாங்க. அப்புறம் அந்த ஃபைலால யாருக்கு என்ன பிரயோஜனம்?

பாதிக்கப்பட்டவர் வாயால சொல்லுவார்னு காத்திருக்கவே முடியாத இடம் இது. மறதி நோய் இருக்கறவங்களுக்குத் தொண்டை வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது. புதுசா குழம்பிப் பேசறது, திடீர்னு கீழ விழறது, சாப்பிட மறுக்கறது, எப்பவும் நடமாடறவங்க எந்திரிக்காமலே படுத்திருக்கறது, இதெல்லாம்தான் பல நேரம் முதல் அறிகுறி. சிலருக்கு அதுவும் கூட இருக்காது. 2020 மார்ச்ல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஒரு இல்லத்துல 76 பேருக்கு கோவிட் டெஸ்ட் எடுத்தாங்க, 48 பேருக்கு பாசிட்டிவ், அதுல 27 பேருக்கு டெஸ்ட் எடுக்கும்போது எந்த அறிகுறியும் இல்ல. அதனால இருமறவங்களை மட்டும் தனியா வச்சா போதும்னு நினைச்சா நோய் நமக்கு முன்னாடியே அடுத்த ரூமுக்குப் போயிருக்கும்.

எத்தனை பேர் ஆனா அலாரம் அடிக்கணும்னு கேட்பாங்க. சளிக் காய்ச்சல் மாதிரி 72 மணி நேரத்துக்குள்ள ரெண்டு பேருக்கு வந்தாலே பரவுதுன்னு சந்தேகப்பட்டு உடனே டெஸ்ட் எடுக்கணும். ரிசல்ட் வர்ற வரைக்கும் சும்மா இருக்கக் கூடாது, அவங்களை ரூம்லயே வச்சுக்கணும், பொதுவா உக்காந்து சாப்பிடறதை நிறுத்தணும், ஜன்னலைத் திறக்கணும், அந்த மாடியில வேலை செய்யறவங்களை வேற மாடிக்கு அனுப்பக் கூடாது, ஒரு நோட்டுல யாருக்கு எந்த ரூம்ல எந்த தேதில என்ன ஆரம்பிச்சதுன்னு வரிசையா எழுதணும். இந்த ஒரு நோட்டு இருந்தாலே நோய் எந்தப் பக்கம் போகுதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுடும். ஒரு தடவை அப்படி எழுதிப் பாத்தப்போ, நோய் வந்த எல்லாருக்கும் ஒரே பிசியோ கிளாஸ் இருந்தது தெரிய வந்துச்சு.

வாந்தி பேதின்னா கதை வேற. வாந்தி பேதியைப் பரப்பற நோரோவைரஸுக்கு சானிடைசர் சரியா வேலை செய்யாது, சோப்பு போட்டுத் தண்ணியில கழுவணும், தரையையும் கைப்பிடியையும் ப்ளீச்சிங் கரைசல் போட்டுத் துடைக்கணும். வாந்தி நின்னுடுச்சுன்னு ஸ்டாஃபை மறுநாளே ட்யூட்டிக்குக் கூப்பிடாதீங்க, நின்ன அப்புறம் குறைஞ்சது 48 மணி நேரம் ஆகட்டும்.

இங்கதான் நான் நிர்வாகத்துகிட்ட கொஞ்சம் கோபமாவே பேசுவேன். லீவு போட்டா அன்னைக்குச் சம்பளத்தைப் பிடிச்சுக்கிட்டா எந்த அட்டெண்டர் உடம்பு சரியில்லன்னு வாயைத் திறப்பாங்க? மாத்திரையைப் போட்டுக்கிட்டு வேலைக்கு வருவாங்க, ஏன்னா வீட்ல அடுப்பு எரியணும். ஒரு இடத்துல சம்பளம் பத்தாம ரெண்டு மூணு இல்லத்துல வேலை பாக்கறவங்களும் இருக்காங்க. 2020-ல வாஷிங்டன்ல நடந்ததை ஆராஞ்சப்போ ஸ்டாஃப் அறிகுறியோட வேலைக்கு வந்ததும், ஒண்ணுக்கு மேற்பட்ட இல்லங்கள்ல வேலை செஞ்சதும் நோய் பரவக் காரணம்னு அறிக்கையிலயே எழுதினாங்க. அவங்க மேல தப்பு சொல்லி என்ன ஆகப் போகுது? நோய் லீவுக்குச் சம்பளம் கொடுக்கறதுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் முதல் தயாரிப்பு, மாஸ்க் அப்புறம்தான்.

கூடவே, பத்து பேர்ல நாலு பேர் வரலன்னா மீதி ஆறு பேர் எதைச் செய்யணும் எதை விடணும்னு இப்பவே உக்காந்து முடிவு பண்ணுங்க. பெட்ஷீட் ஒரு நாள் மாத்தாம இருக்கலாம். தண்ணி குடுக்காம இருக்க முடியாது. ஆள் குறைஞ்ச இல்லங்கள்ல நோயைவிட தண்ணி பத்தாமதான் சில பேர் சாஞ்சு போறாங்க, இதை நான் கண்ணால பாத்திருக்கேன்.

மத்ததைச் சுருக்கமா சொல்லிடறேன். ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு பக்கத்துல மருந்து லிஸ்ட், அலர்ஜி, வழக்கமான டெம்பரேச்சர், வழக்கமா எப்படிப் பேசுவாங்க எப்படி நடப்பாங்க, கடைசியா பாத்த கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட்), யாருக்கு போன் பண்ணணும்னு எழுதி வைங்க, ஆம்புலன்ஸ் வந்ததும் தேடக் கூடாது. காத்துல இருந்து ஆக்சிஜன் எடுத்துக் குடுக்கற கான்சன்ட்ரேட்டர் மெஷின் கரன்ட் போனா நின்னுடும், பக்கத்துல ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கணும். என்95 மாஸ்க் வாங்கினா போட்டுப் பாத்து வாங்குங்க, முகத்துல சரியா ஒட்டலன்னா, தாடி இருந்தா, அதுல பாதுகாப்பு இல்ல. ரொம்ப முடியாமப் போனா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமா, இங்கயே வலியில்லாம பாத்துக்கணுமான்னு அந்தப் பெரியவர்கிட்டயும் பிள்ளைங்ககிட்டயும் நல்லா இருக்கும்போதே கேட்டு எழுதி வச்சுடுங்க, நடு ராத்திரி போன்ல கேக்கற கேள்வி இல்ல அது.

பாட்டி போன அப்புறம் அந்த இல்லத்துல ஒரு நோட்டை மருந்து ட்ராலியிலயே கட்டித் தொங்க விட்டோம். சார்ட் எழுதறது நர்ஸ் வேலை, இந்த நோட்டு அட்டெண்டர்களுக்கு. என்ன வித்தியாசமா தெரிஞ்சாலும் எழுதலாம், எழுத வரலன்னா சொல்லலாம், நர்ஸ் எழுதிக்குவாங்க. அதுல ஒரு வரி விழுந்தா அந்த ஷிஃப்டுக்குள்ள நர்ஸ் போய்ப் பாத்து பக்கத்துல கையெழுத்துப் போடணும்.

அடுத்த குளிர் காலத்துல ஒரு ராத்திரி எனக்கு போன் வந்துச்சு, அதே அக்காதான் எழுத வச்சிருந்தாங்க, "ஏழாவது ரூம் தாத்தா ரேடியோ போடச் சொல்லல." போய்ப் பாத்த நர்ஸுக்கு அவர் வழக்கமான டெம்பரேச்சர் தெரிஞ்சிருந்துச்சு, ஒரு டிகிரிக்கு மேல கூடியிருந்தது. பக்கத்து ரூம்காரருக்கும் அப்படியே. ராத்திரியே ரெண்டு பேரையும் தனியா வச்சாங்க, காலைல ரிசல்ட் இன்ஃப்ளுயன்சான்னு வந்துச்சு, எல்லாரோட கிரியேட்டினினும் கையில இருந்ததால டாக்டர் கிட்னிக்கு ஏத்த மாதிரி அளவு பாத்து அந்த மாடி முழுக்க ஓசல்டாமிவிர்ங்கற ஃப்ளூ மருந்தை அன்னைக்கே ஆரம்பிச்சாரு, நோய் இல்லாதவங்களுக்கும் ரெண்டு வாரத்துக்குத் தடுப்பா. மூணு பேரோட நின்னுச்சு. தாத்தா அஞ்சாவது நாள் ரேடியோ கேட்டாரு, அதையும் அந்த அக்கா நோட்டுல எழுத வச்சிருந்தாங்க.