சிம்போராசோவுக்கு முன்னால் நான்கு மலைகள்

ஈக்வடாரில் சிம்போராசோ மலை ஏறுவதற்காக ஒரு வழிகாட்டிக் குழுவில் பெயர் கொடுப்பவர்களுக்கு, பயணத் திட்டத்தைப் பார்த்ததும் முதலில் குழப்பமாகத்தான் இருக்கும். இரண்டு வாரப் பயணம். ஆனால் சிம்போராசோ கடைசியில்தான் வருகிறது. போய் இறங்கியதும் கீட்டோ நகரில் ஓரிரு நாள் ஊர் சுற்றிப் பார்க்கச் சொல்வார்கள். அப்புறம் ரூக்கூ பிச்சிஞ்சா, 4,696 மீட்டர். அடுத்து இலினிசா நோர்த்தே, 5,126 மீட்டர். அதன்பின் கயாம்பே, 5,790. பிறகு கோட்டோபாக்சி, 5,897. ஒவ்வொன்றிலும் ஏறி, இறங்கி, பள்ளத்தாக்கில் ஒரு நாள் ஓய்வெடுத்து, கடைசியாகத்தான் 6,263 மீட்டர் உயரமுள்ள சிம்போராசோ. குழுவுக்குக் குழு மலைகளின் பெயர் மாறலாம், இந்தப் படிக்கட்டு மாறாது.

கால்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் இப்படி என்று பலர் நினைக்கிறார்கள். கால்களைப் பொறுத்தவரை நான்கு மலைகளும் களைப்பைத்தான் தருகின்றன. இந்த நாட்கள் முழுக்க உள்ளே வேலை நடப்பது நுரையீரலிலும் சிறுநீரகத்திலும். நல்ல வழிகாட்டி ஒருவர் போடும் திட்டத்தை, உடலின் வேதியியலுக்குப் போட்ட கால அட்டவணை என்றே நான் படிக்கிறேன்.

உயரமான இடத்தில் காற்றில் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். கொஞ்சம் திருத்த வேண்டிய பேச்சு அது. கடற்கரையிலும் சிகரத்திலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அதே 21 சதவீதம்தான். மாறுவது காற்றின் அழுத்தம். நம் தலைக்கு மேல் இருக்கும் காற்றின் எடைதான் அழுத்தம் என்பதால், மேலே போகப் போக அது குறைகிறது. கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம். சிம்போராசோ உச்சியில் ஏறக்குறைய 355.

பாதிக்கும் சற்றுக் குறைவு, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் மூச்சுக்குழாய்க்குள் போகும் காற்று ஈரமாகிவிடுகிறது. 37 டிகிரி உடல் வெப்பத்தில் இருக்கும் நீராவி 47 மில்லிமீட்டர் அழுத்தத்தை எடுத்துக்கொள்ளும். மலை எவ்வளவு உயரமானாலும் இந்த 47 குறையாது. அதைக் கழித்துவிட்டு மீதியில் 21 சதவீதம் எடுத்தால், கடற்கரையில் ஆக்சிஜனுக்குக் கிடைப்பது 150. சிம்போராசோவில் 65.

அதோடும் முடியவில்லை. நுரையீரலின் காற்றுப்பைகளில் கார்பன் டை ஆக்சைடும் இருக்கிறது. அதன் அழுத்தம் சாதாரணமாக 40. அது ஆக்சிஜனின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. கணக்குப் போட்டால், கடற்கரையில் மூச்சு விடுவது போலவே சிகரத்திலும் விட்டால் காற்றுப்பையில் ஆக்சிஜனுக்கு மிஞ்சுவது 15 தான். அந்த அளவில் யாரும் நினைவோடு நிற்க முடியாது.

அப்படியானால் ஆட்கள் எப்படி மேலே போய்த் திரும்பி வருகிறார்கள்? மூச்சை வேகமாகவும் ஆழமாகவும் விட்டு, கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுகிறார்கள். அது 40-லிருந்து 22 அளவுக்கு இறங்கினால், ஆக்சிஜன் 15-லிருந்து 38 ஆகிவிடும். இரண்டு மடங்குக்கும் மேல். உயரமான மலையில் நாம் வாங்கும் பெருமூச்சுகள் ஆக்சிஜனை உள்ளே இழுப்பதற்கு மட்டும் அல்ல, அதற்கு இடம் காலி செய்வதற்கும்தான். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

சரி, இதை முதல் நாளே செய்துவிட்டால் என்ன? உடல் விடாது. கழுத்தின் இரு பக்கமும் ரத்தக்குழாய் கிளை பிரியும் இடத்தில் அரிசி மணி அளவில் ஓர் உறுப்பு இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் அதுதான் மூளைக்குச் செய்தி அனுப்பி மூச்சை வேகப்படுத்துகிறது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறினால் ரத்தம் காரத்தன்மை அடைகிறது. மூளையின் இன்னொரு பகுதி இதைக் கவனித்து, போதும், மூச்சைக் குறை என்று தடை போடுகிறது. ஒன்று முடுக்க, ஒன்று தடுக்க, ஆள் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

இந்தத் தடையை எடுப்பது சிறுநீரகம். காரமான பைகார்பனேட்டைச் சிறுநீரில் வெளியேற்றி, ரத்தத்தைப் பழைய நிலைக்கு அருகில் கொண்டுவருகிறது. தடை தளர்ந்து மூச்சு இன்னும் ஆழமாகிறது. ஆனால் சிறுநீரகத்துக்கு அவசரம் தெரியாது. ஒவ்வொரு புதிய உயரத்துக்கும் சில நாட்கள் கேட்கும். கீட்டோவில் 2,850 மீட்டரில் கழிக்கும் அந்த முதல் இரண்டு நாட்களும், மலைகளுக்கு நடுவே வரும் ஓய்வு நாட்களும் இதற்குத்தான். மேலே போனவர்கள் இரவில் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்கப் போவதை வழிகாட்டிகள் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார்கள். மலை ஏறுபவர்களுக்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரையும் இதே வேலையைத்தான் விரைவுபடுத்துகிறது.

ரத்தச் சிவப்பணுக்கள் பெருகுவதால்தான் உடல் பழகுகிறது என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அது உண்மைதான், ஆனால் மெதுவானது. சிவப்பணுக்களை உருவாக்கத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் சில மணி நேரத்திலேயே கூடத் தொடங்கினாலும், புது அணுக்கள் கணிசமாகச் சேர வாரங்கள் ஆகும். இரண்டு வாரப் பயணத்தில் முதலில் நடப்பது வேறு. ரத்தத்தின் நீர்ப்பகுதியை உடல் குறைத்து, இருக்கிற அணுக்களையே அடர்த்தியாக்கிக்கொள்கிறது. செல்கள் ஆக்சிஜன் குறைவை எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்காகத்தான் 2019-இல் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இதெல்லாம் தெரியாத காலத்தில் ஏறியவர்கள் பட்ட பாடு பெரிது. 1802 ஜூன் 23 அன்று ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹம்போல்ட் சிம்போராசோவில் ஏறினார். உலகிலேயே உயரமான மலை அதுதான் என்று ஐரோப்பா நம்பிக்கொண்டிருந்த நாட்கள். அவருக்கும் உடன் போனவர்களுக்கும் தலை சுற்றியது, குமட்டியது, ஈறுகளில் ரத்தம் கசிந்தது. ஒரு பெரிய பிளவு குறுக்கே வர, உச்சியைத் தொடாமல் திரும்பினார்கள். ஆண்டிஸ் மக்கள் இந்த நோய்க்கு சொரோச்சே என்று பெயர் வைத்திருந்தார்கள். காற்று மெலிந்து போவதுதான் காரணம் என்று 1590-இலேயே எழுதியவர் ஹோசே டி அகோஸ்டா என்ற ஸ்பானியப் பாதிரியார். பெருவின் ஒரு கணவாயைக் கடக்கும்போது அவருக்கே வந்த நோய் அது. ஆக்சிஜனின் அழுத்தம்தான் விஷயம் என்பதைப் பிரெஞ்சு உடலியல் அறிஞர் பால் பெர்ட் சோதனைகளால் நிறுவி வெளியிட்டது 1878-இல்.

1879-இன் கடைசியில் ஆங்கிலேய மலையேறி எட்வர்ட் விம்பர் சிம்போராசோவுக்கு வந்தார். கூட இத்தாலிய வழிகாட்டிகளான கரேல் குடும்பத்தார் இருவர். மூவரும் ஆல்ப்ஸ் மலைகளில் பெயர் பெற்றவர்கள். சுமார் 5,000 மீட்டரில் முகாம் போட்டதும் மூவருமே காய்ச்சலும் தலைவலியும் மூச்சிரைப்புமாகப் படுத்துவிட்டார்கள். சில நாள் கழித்துத் தானாகவே தெளிந்து, 1880 ஜனவரி 4 அன்று உச்சியைத் தொட்டார்கள். முதன்முதலில் அங்கே கால் வைத்தவர்கள் அவர்கள்தான். பிப்ரவரியில் விம்பர் கோட்டோபாக்சியின் உச்சியிலேயே ஓர் இரவு தங்கினார். உயரம் உடலை என்ன செய்கிறது என்று பார்ப்பதும் அவர் நோக்கங்களில் ஒன்று. இந்த முறை பெரிய தொந்தரவு இல்லை. நடுவில் கடந்த வாரங்கள் தம் வேலையைச் செய்திருந்தன. பெரிய மலையை முதலில் ஏறிய அவருடைய வரிசையை இன்றைய திட்டம் தலைகீழாக்கியிருக்கிறது.

இன்றைக்கு ஆபத்து இன்னொரு பக்கம் இருக்கிறது. சிம்போராசோவின் கரேல் தங்குமிடம் 4,850 மீட்டரில் இருக்கிறது. அதுவரை கார் போகும். காலையில் பள்ளத்தாக்கில் கிளம்பியவர் மதியச் சாப்பாட்டுக்கு அங்கே போய்விடலாம். தண்ணீர் அங்கே சுமார் 84 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் சோறு சரியாக வேகாது. பழகாத ஆளின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினால் 80-ஐ ஒட்டிய எண்கள் வரும். கொரோனா காலத்தில் அந்த எண்ணைப் பார்த்திருந்தால் வீடே ஆம்புலன்ஸுக்கு ஓடியிருக்கும். பொதுவான மருத்துவ அறிவுரை, 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது. ஏறுவது எவ்வளவு உயரமானாலும் தூங்குவது கீழே. தூக்கத்தில்தான் மூச்சு மிகவும் தளர்கிறது. சில நொடிகள் நின்றே போய், பிறகு திடுக்கென்று பெருமூச்சோடு திரும்பும். முதல்முறை தங்குமிடத்தில் படுப்பவர்கள் பயந்து எழுந்து உட்கார்வது இதனால்தான்.

தலைவலி, பசியின்மை வந்தால் அதே உயரத்தில் காத்திருக்கலாம். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விஷயம் வேறு. மூளை வீங்குகிறது, அல்லது நுரையீரலில் நீர் கோக்கிறது. வழிகாட்டி ஒரு நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடந்து காட்டச் சொல்வார். கோடு தவறினால் உடனே கீழே இறங்க வேண்டும், நடு ராத்திரியானாலும். பணம் கட்டிவிட்டோமே என்ற பேச்சுக்கு அங்கே இடம் இல்லை. இருக்கவும் கூடாது.

உடல் தயாரான பிறகும் புறப்படும் நேரத்தை முடிவு செய்வது பனிதான். சிம்போராசோவுக்கு இரவு பத்து, பதினோரு மணிக்கே கிளம்பிவிடுவார்கள். மெலிந்த, ஈரப்பதம் குறைந்த காற்று, மேகமில்லாத வானம். பனியின் வெப்பம் தடையில்லாமல் மேலே போய்விடுவதால் அதன் மேற்பரப்பு இரவில் இறுகிவிடும். பூட்ஸுக்கு அடியில் கட்டிய எஃகுப் பற்கள் அதில் நன்றாகக் கடித்து நிற்கும். பனியாற்றில் ஆழமான பிளவுகள் உண்டு. அவற்றின் மேல் பனி மூடிப் பாலம் போல நிற்கும் இடங்களும் உறைந்தால்தான் ஆளைத் தாங்கும். சரிவுகளில் பனிக்கட்டி பிடித்து வைத்திருக்கும் கற்களுக்கும் இதே கதைதான். நிலநடுக்கோட்டில் வருடம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் விடியல், அதோடு சூரியன் செங்குத்தாக மேலேறும். காலை ஒன்பது மணிக்கே பனி இளகி, கற்கள் உருளத் தொடங்கும். மதியத்தில் அமேசான் பக்கத்திலிருந்து மேகம் ஏறி வந்து பாதையை மறைக்கும். அதனால் உச்சி பக்கத்தில் தெரிந்தாலும், குறித்த மணிக்கு வழிகாட்டி குழுவைத் திருப்பிவிடுவார்.

கயிற்றின் வேலையும் பிளவுகளோடு சேர்ந்தது. வழிகாட்டிக்கு இரண்டு பேர், மூவரும் ஒரே கயிற்றில். கயிறு தொய்யாமல் இருக்க வேண்டும். ஒருவர் பிளவில் விழுந்தால், தொய்வில்லாத கயிறு அவரை வேகம் எடுக்கும் முன்பே நிறுத்திவிடும். இரண்டு மீட்டர் தொய்ந்து கிடந்தால், அந்த வேகம் மற்ற இருவரையும் இழுத்துப் போட்டுவிடும். பார்ப்பவர்களுக்குச் சலிப்பூட்டும் அந்த ஒரே சீரான மெதுநடையில் இதுவும் அடக்கம்.

இவ்வளவு உயரமான மலைகளைப் பாறை ஏறும் திறமை இல்லாதவர்களும் நடந்தே ஏற முடிவதற்குக் காரணம், அவை எரிமலைகள் என்பதுதான். பசிபிக் அடியில் உள்ள நாஸ்கா நிலத்தட்டு தென் அமெரிக்காவுக்குக் கீழே சொருகிப் போகிறது. அதிலிருந்து கசியும் நீர் மேலேயுள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்க, பாறைக்குழம்பு உருவாகி மேலே வருகிறது. குழம்பும் சாம்பலும் அடுக்கடுக்காகக் குவிந்து, குவித்த மணல் போலச் சீரான சரிவைத் தருகின்றன. கோட்டோபாக்சியின் கூம்பு அப்படி வளர்ந்ததுதான், இன்னும் வளர்கிறது. 1877-இல் அதன் பனி உருகிச் சேற்று வெள்ளமாகப் பாய்ந்து பசிபிக் கடல் வரை போனது. 2015-இலும் 2022-இலும் மறுபடி சாம்பல் கக்கியது. கீட்டோவில் உள்ள புவி இயற்பியல் நிறுவனம் இரவும் பகலும் அதைக் கண்காணிக்கிறது. அங்கே எச்சரிக்கை வந்தால் வழிகாட்டி அந்த மலையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்ப்பார்.

சிம்போராசோவுக்கு இன்னொரு பெருமை. பூமி சுழல்வதால் நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் துருவங்களை விட 21 கிலோமீட்டர் அதிகம். அந்தப் புடைப்பின் மேல் நிற்பதால், பூமியின் மையத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள புள்ளி சிம்போராசோவின் உச்சிதான். 6,384.4 கிலோமீட்டர் என்று 2016-இல் செயற்கைக்கோள் கருவிகளால் அளந்தார்கள். எவரெஸ்ட் இந்தக் கணக்கில் சுமார் இரண்டு கிலோமீட்டர் பின்தங்கிவிடும். மலை ஏறுபவருக்கு இந்தப் பெருமையை விட உபயோகமான ஒன்றையும் நிலநடுக்கோடு தருகிறது. வெப்பத்தால் இங்கே வளிமண்டலம் தடிமனாக இருப்பதால், அதே உயரத்தில் அழுத்தம் சற்று அதிகம். அலாஸ்காவின் டெனாலி 6,190 மீட்டர்தான். ஆனாலும் அதன் உச்சியில் மூச்சு விடுவது சிம்போராசோவை விடக் கடினம்.

உச்சியில் கால் மணி நேரம் நின்றால் அதிகம். இறங்கத் தொடங்கினால், ஏறும்போது எட்டு மணி நேரம் பிடித்த தூரம் மூன்று நான்கு மணியில் கடந்துவிடும். ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் காற்று தடிக்கும், தலைபாரம் விலகும், பசி திரும்பும். ஊர் வந்த சில நாட்களில் மூச்சு பழைய வேகத்துக்கு வந்துவிடும். ஓரிரு வாரங்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதியும் நிரம்பிவிடும், உபரியாகச் சேர்ந்த இளம் சிவப்பணுக்களையும் உடல் கழித்துவிடும். அடுத்த ஆண்டு அதே ஆள் மறுபடி கீட்டோவில் வந்து இறங்கினாலும், பிச்சிஞ்சாவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.