பாவமன்னிப்பா, பாவப்பொறுத்தலா?

பாவமன்னிப்பு எண்ட சொல்ல மட்டக்களப்பில எல்லாரும் பாவிக்கிறாங்க, ஆனா ஒரே அர்த்தத்தில இல்ல. தாண்டவன்வெளிப் பக்கம் ஒரு கத்தோலிக்க அம்மம்மாட்ட கேட்டா கோயிலுக்குப் போய் ஃபாதரிட்ட செஞ்ச பாவங்களச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யிறது எண்டுவா, 1814ல வில்லியம் ஓல்ட் வந்து தொடங்கின மெதடிஸ்ட் சபை ஆக்கள் நேர ஆண்டவரிட்ட அறிக்கையிட்டுக் கேக்கிறதுதான் எண்டுவாங்க, காத்தான்குடி முஸ்லிம் ஆக்கள் பாவத்துக்கு வருந்தி அல்லாஹ்விட்ட திரும்புற தவ்பாவுக்கும் இதே சொல்லுத்தான்.

கிறிஸ்தவத்தில இதோட அடிப்படை என்னெண்டா, பாவம் கடவுளுக்கு எதிரான குத்தம், அதால அத நீக்கிற உரிமையும் அவருக்குத்தான். புதிய ஏற்பாட்டில இதுக்கு வாற கிரேக்கச் சொல் ஆஃபெசிஸ், விட்டுவிடுறது, விடுதலையாக்கிறது எண்டு அர்த்தம். கடன விடுறதுக்கும் அந்த வேர்ச்சொல்தான் வரும், மத்தேயு எழுதின கர்த்தர் செபத்தில 'எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்' எண்டு பழைய மொழிபெயர்ப்பில இருக்கிறது அதனாலதான். கடைக்காரர் கடன் கொப்பியில உங்கட பேருக்கு நேர கோடு கிழிச்சுவிட்டா எப்பிடி, அந்த மாதிரி, ஆனா அந்தக் காசு எங்கயும் மறையல்ல, நட்டம் கடைக்காரருக்குத்தான்.

எபிரேயத்தில இன்னும் சுவாரசியம். அங்க மன்னிக்கிறதுக்கு வாற சொல்லுகள்ல ஒண்டு நாசா, தூக்கிறது, சுமக்கிறது எண்டு அர்த்தம் (அமெரிக்காட ரொக்கட் நாசா இல்ல!). இப்ப தமிழப் பாருங்க. பொறு எண்டா பாரம் தாங்கிறது, பொறை எண்டா சுமை, அதே பொறுத்தல்தான் மன்னிக்கிறதுக்கும். 'பொறுத்தல் இறப்பினை என்றும்' எண்டு வள்ளுவர் சொல்லுறதில இறப்பு எண்டா சாவு இல்ல, எல்லை மீறி ஒருத்தர் செஞ்ச பிழை. கத்தோலிக்கர் தினமும் சொல்லுற செபத்திலயும் 'எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்' எண்டுதான் இருக்கு. 'உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி' எண்டு யோவான் இயேசுவக் காட்டுற இடத்தோட சேத்து வாசிச்சா, பாவம் சும்மா அழிஞ்சு போறேல்ல, வேற ஒருத்தர் அதத் தூக்கிறார் எண்ட கிறிஸ்தவ நம்பிக்கை பொறுத்தல் எண்ட சொல்லுக்குள்ளயே இருக்கு. என்னக் கேட்டா நல்ல தமிழ்ச் சொல் பாவப்பொறுத்தல்தான்.

அதுக்காக மன்னிப்பு உருதுச் சொல்லு, அதப் பாவிக்கக்கூடாது எண்டு ஃபேஸ்புக்ல ஓடுற போஸ்ட்டுகள நான் நம்பல்ல. அரபியில இருந்து வந்தது முஸ்லிம் ஆக்கள் சொல்லுற மாப்பு, அதுக்கும் மன்னிப்புக்கும் ஓசையே ஒத்துவராது. பாவம்தான் வடமொழிப் பாப, அத மாத்தச் சொல்லி ஒருத்தரும் போஸ்ட் போடுறதில்ல.

பாவசங்கீர்த்தனம் எண்டுறதும் வடமொழிதான். சங்கீர்த்தனம் எண்டோன பஜனைதான் நினைவுக்கு வரும், ஆனா விரிவாச் சொல்லுறது எண்டும் அர்த்தம் இருக்கு, அதால பாவத்தப் பாடுறது இல்ல, எடுத்துச் சொல்லுறது. அதுக்கும் முந்தி போர்த்துக்கீசச் சொல்லையே அப்பிடியே தமிழெழுத்தில போட்டாங்க, போர்த்துக்கல் யேசுசபைக் குரு அன்றிக்கே அடிகளார் 1580ல கொச்சியில அச்சடிச்ச பாவசங்கீர்த்தனக் கையேட்டுக்குப் பேரே கொம்பெசியோனாயரு! பெரிசுகள் சொல்லுற உத்தம மனஸ்தாபமும் இந்தப் பழைய வரிசைதான், ஊரில மனஸ்தாபம் எண்டா ரெண்டு வீட்டுக்கிடையில கதைபேச்சு இல்ல எண்டு அர்த்தம், கோயில்ல அந்தச் சொல்லுக்கு அர்த்தம், செஞ்ச பாவத்துக்கு மனம் நொந்து அழுறது.

இப்ப கோயில் அறிவித்தல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஒப்புரவு அருட்சாதனம் எண்டு வருது. குறள்ல ஒப்புரவு எண்டா ஊருக்கு உதவி வாழுறது, வேதத்தில 'தேவனோடே ஒப்புரவாகுங்கள்' எண்டு திரும்ப உறவாகிறது, ரெண்டும் ஒண்டில்ல. ஒப்புரவு அருட்சாதனம் எண்டுறது நடக்கிற சடங்குக்குப் பேர், பாவப்பொறுத்தல் அதில கிடைக்கிறது.

பரிபூரண பலனையும் பாவமன்னிப்பு எண்டு சில ஆக்கள் சொல்லுறாங்க, அது பிழை. பாவம் மன்னிக்கப்பட்ட பிறகும் மிஞ்சிற தண்டனைய முழுசா நீக்கிறதுதான் பரிபூரண பலன், 1517ல ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் சண்டை பிடிச்சது அந்தப் பலனக் காசுக்கு வித்ததிலதான்.