யூரியா வாங்கக் கிளம்புறதுக்கு முன்னாடி வேரைப் பாருங்க

உசிலம்பட்டி, செல்லம்பட்டி பக்கம் செவக்காட்டுல தக்காளி கத்தரி போட்டவங்க போன் பண்ணா பெரும்பாலும் ஒரே பேச்சுதான், "தண்ணி விட்டுக்கிட்டேதான் சார் இருக்கேன், காலைல நல்லா நிக்குது, உச்சி வெயில்ல தொங்கிருது, சாயந்தரம் திரும்ப எந்திரிச்சுக்கிருது". கூடவே இலை மஞ்சளாகி, திட்டுத் திட்டா செடி குட்டையா நிக்கும். கடைல சொன்னா யூரியாவோ நுண்ணூட்டமோ வாடல் மருந்தோ கைக்கு வந்துரும், கோளாறு வேர்ல, அதாவது வேர்முடிச்சு நூற்புழுவா (வேருக்குள்ள பூந்து முடிச்சு உண்டாக்குற பொடிப் புழு) இருந்தா மூணுமே வேலைக்காகாது.

செடியைப் பிடிச்சு இழுக்காதீங்க, இழுத்தா சல்லி வேரெல்லாம் அத்துக்கிட்டு மண்ணுக்குள்ளயே நின்னுரும், பாக்க வேண்டியதே அதைத்தான். மண்வெட்டியால சுத்தி வெட்டி மண்ணோட தூக்கி வாளித் தண்ணில அலசுங்க. நூற்புழு இருந்தா வேர் பாசிமணி கோத்த மாதிரி அங்கங்க வீங்கிக் கெடக்கும். முடிச்சைக் கீறி லென்ஸ்ல பாத்தா ஊசிமுனை அளவுக்கு வெள்ளையா தெரியுறது பெண் புழு, ஒண்ணே சில நூறு முட்டை வைக்கும், நம்ம ஊர் சூட்டுக்கு ஒரு மாசத்துக்குள்ள அடுத்த தலைமுறை ரெடி.

கடலை, தட்டாம்பயறு போட்டவங்க முடிச்சைப் பாத்த உடனே பதறாதீங்க. ரைசோபியம் (பயிருக்குத் தழைச்சத்து பிடிச்சுக் குடுக்குற பாக்டீரியா) முடிச்சு நல்லது, வேருக்குப் பக்கத்துல ஒட்டுனாப்புல இருக்கும், நகத்தால தள்ளுனா உதிந்துரும், உள்ள ரோஸ் கலரா இருக்கும். புழு முடிச்சு உதிராது, வீங்கியிருக்கதே வேர்தான?

சந்தேகமா இருந்தா மதுரை ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்கு சாம்பிள் கொண்டு போங்க. ஆனா சாதா மண் பரிசோதனைக்கு மாதிரி காய வச்சு எடுத்துட்டுப் போயிராதீங்க (நெறைய பேரு செய்றாங்க), காஞ்சா புழு செத்துரும், அப்புறம் ரிப்போர்ட்ல என்னத்த பாக்குறது. செத்த செடிய விட்டுட்டு, இப்பத்தான் வாட ஆரம்பிச்ச செடிக்கிட்ட அரை அடி ஆழத்துல ஈர மண்ணும் சல்லி வேரும் எடுத்து பாலிதீன் பையில கட்டி நிழல்லயே வைங்க.

நின்ன பயிரைக் காப்பாத்துறேன்னு காசைக் கொட்டுறதுல எனக்கு நம்பிக்கை இல்ல, அடுத்த போகத்துக்கு யோசிங்க. வேரைப் புடுங்கி எரிச்சிட்டு கோடை உழவு, ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, புழுவைக் குறைக்க ஒரு போகம் வயல் பூரா செண்டுமல்லி நெருக்கமா போடுங்க, வரப்போரம் ரெண்டு வரிசை மட்டும் வச்சா பத்தாது. நாத்து வாங்கும்போது குழித்தட்டுல இருந்து நாலஞ்சு உருவி வேரைப் பாத்துட்டு காசு குடுங்க. வாடகை டிராக்டர் வந்தா கலப்பைல ஒட்டுன மண்ணக் கழுவச் சொல்லுங்க, டிரைவர் மொனங்குவாரு, மொனங்கட்டும்.